நடுக்குவாதத்தைக் கண்டுரைத்த ஜேம்ஸ் பார்க்கின்சன்

முன்னுரை

பழனிக்கு மேற்கே அமைந்த எங்கள் நெய்க்காரப்பட்டியைச் சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள் உண்டு. கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்கொட்டகைகளிலிருந்து எழும் பாகின் மணம் பள்ளிக்கு வரும் வழியெல்லாம் எங்களைத் தொடர்ந்து வரும். அத்தகைய ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் கொப்பரையின் முன் நின்று பாகுக்குப் பதம் பார்த்தவர் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா. அப்பாரு என்றே அவள் அவரை அழைப்பாள். நாள்தோறும் மாலையில் அவளை அழைத்துச் செல்வதற்காக அவர் பள்ளி வாயிலுக்கு வருவது வழக்கம்.

அவருடைய வலக்கை ஓயாமல் நடுங்கும். உடல் முன்னோக்கிக் குனிந்திருக்கும். காலைத் தரையில் தேய்த்துச் சிற்றடி வைத்து நடப்பார். நடக்க நடக்க அது ஓட்டம் போலாகிவிடும். நாங்கள் வணக்கம் சொன்னாலும் அவர் முகத்தில் சிரிப்பே தோன்றாது. அவர் குடித்துவிட்டு வருகிறார் என்று எங்களுள் சிலர் முணுமுணுத்தோம். சிலர் அவரைப் போலவே நடந்து காட்டினோம். மற்றவர் அதைக் கண்டு சிரித்தோம். ஒருநாள் தோழி அதைப் பார்த்துவிட்டாள். எங்களிடம் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. இனிப் பள்ளிக்கு வரவேண்டாம் என்று தாத்தாவிடம் மட்டும் சொல்லிவிட்டாள். மறுநாள் முதல் வாயிலில் அவரைக் காணவில்லை.

இதை அறிந்த அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி அவர்கள் எங்களைத் தண்டிக்கவில்லை. அந்தத் தாத்தாவுக்கு இருப்பது நடுக்குவாதம் என்னும் நோய் என்றும், பார்க்கின்சன் நோய் என்பது அதன் மற்றொரு பெயர் என்றும் கூறினார்கள். அப்பெயருக்கு உரியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்து, ஆண்டு மலருக்கு எழுதித் தருமாறு பணித்தார்கள். அவ்வாறு படித்தறிந்ததையே இங்கு எழுதுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஷோர்டிச் பகுதியில் உள்ள ஹாக்ஸ்டன் என்னும் இடத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜான் பார்க்கின்சன், மருந்து கலந்து கொடுப்பதோடு நோயும் பார்த்து வந்த மருத்துவர். தந்தையிடமே மகன் தொழில் பழகினார். 1776-இல் இலண்டன் மருத்துவமனையில் சில மாதங்கள் பயின்றார். 1777-இல், மூச்சு நின்று உயிர் போய்விட்டது என்று கருதப்பட்ட ஒருவரைத் தந்தையும் மகனும் சேர்ந்து பிழைக்க வைத்தனர். அதற்காக உயிர்காப்புச் சங்கம் ஒன்று பார்க்கின்சனுக்கு வெள்ளிப் பதக்கம் அளித்துப் பாராட்டியது. அப்போது அவருக்கு வயது 22.

1784-இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்ற பின்னரும் அவர் படிப்பை விட்டுவிடவில்லை. மறு ஆண்டு, புகழ்பெற்ற ஜான் ஹன்டரின் சொற்பொழிவுகளுக்குச் சென்று, கேட்டவற்றையெல்லாம் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு, 1833-இல், அக்குறிப்புகளை அவர் மகன் நூலாக வெளியிட்டார். மருத்துவம் பயிலும் மாணவர்கள் சுருக்கெழுத்தும் ஓவியமும் கற்க வேண்டும் என்பது பார்க்கின்சனின் கருத்து. காதால் கேட்டதை எழுதவும் கண்ணால் கண்டதை வரையவும் தெரியாதவர் நல்ல மருத்துவராக முடியாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

ஏழைகளின் தோழர்

ஷோர்டிச் பகுதி அக்காலத்தில் ஏழைத் தொழிலாளர் மிகுந்த இடமாக மாறிக்கொண்டிருந்தது. பார்க்கின்சன் அப்பகுதி ஏழைகள் காப்பகத்தின் மருத்துவராகப் பணியாற்றினார். மருந்து மட்டும் அவர்களுடைய துன்பத்தைத் தீர்க்காது என்பதை அவர் கண்டார். ஏழைகளுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கோரிய சங்கத்தில் சேர்ந்து, கிழ ஹூபர்ட் என்னும் புனைபெயரில் துண்டு நூல்கள் பல எழுதினார். 1794-இல், நச்சம்பு எய்து மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் கொல்லச் சதி நடந்ததாகக் கூறி அச்சங்கத்தார் சிலரை அரசு கைது செய்தது. பார்க்கின்சனும் அரசவைக் குழுவின் முன் விசாரிக்கப்பட்டார். அஞ்சாமல் சென்று சாட்சியம் அளித்தார். அந்தத் துண்டு நூல்களை எழுதியவர் தாமே என்பதையும் மறைக்கவில்லை.

அதன் பின்னர் அவருடைய எழுத்து மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. கற்றறியாக் குடும்பத்தாரும் உடல்நலம் பேணுவதற்கு உதவும் எளிய நூல்களை எழுதினார். ஆபத்தான விளையாட்டுகளைப் பற்றிச் சிறுவர்களுக்குக் கதை வடிவில் அறிவுரை கூறினார். 1812-இல் தம் மகனுடன் சேர்ந்து குடல்வால் வெடித்து இறந்த சிறுவன் ஒருவனைப் பற்றி அறிக்கை தந்தார். ஆங்கிலத்தில் அந்நோயைப் பற்றி வெளிவந்த தொடக்ககால அறிக்கைகளுள் அதுவும் ஒன்றாகும்.

கல்லிலும் கண் வைத்தவர்

நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, எஞ்சிய நேரத்தில் அவர் கற்களைப் பார்த்தார். பல்லாயிரம் நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்து கல்லாகிப் போன உயிர்களைத் தொல்லுயிர்ப் படிமங்கள் என்பர். அவற்றைத் திரட்டி, 1804 முதல் 1811 வரை மூன்று பெரும் தொகுதிகளாக நூல் எழுதினார். 1807-இல் இலண்டனில் புவியியல் சங்கம் தோன்றியபோது அதை நிறுவிய 13 பேருள் அவரும் ஒருவர். நத்தை போலச் சுருண்ட ஒருவகைத் தொல்லுயிருக்கு அவர் பெயரையே இட்டுள்ளனர். நம் நாட்டில் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளிலும் அதே பெருங்குழுவைச் சேர்ந்த சுருள் சங்குகள் கிடைக்கின்றன.

அவரை வாட்டிய ஒரு பிழை

மேலோரின் வாழ்விலும் குறை உண்டு. அதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை என்று அருட்சகோதரி அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். பார்க்கின்சன் ஹாக்ஸ்டனில் இருந்த ஒரு மனநோயாளர் விடுதிக்கும் மருத்துவராக இருந்தார். 1810-இல் ஒரு பெண்மணியை அவருடைய உறவினர்கள் அவ்விடுதியில் அடைத்தனர். அதற்குத் தேவையான சான்றிதழில் கையொப்பமிட்டவர் பார்க்கின்சன். அப்பெண்மணி சித்தம் தெளிந்தவரே என்று வாதிடப்பட்டு வழக்கு மன்றம் சென்றது. நன்கு ஆராயாமல் சான்றளித்தார் என்று செய்தித்தாள்கள் அவரைக் கடுமையாகச் சாடின. 1811-இல் அவர் தம் செயலுக்கு விளக்கம் கூறி ஒரு சிறுநூல் வெளியிட்டார். இத்தகைய தவறுகள் நேராதிருக்கச் சட்டத்தில் என்னென்ன திருத்தம் வேண்டும் என்பதையும் அதில் எழுதினார்.

இப்பகுதியைப் படித்தபோது எங்களுக்கு எங்கள் பிழை நினைவுக்கு வந்தது. ஒருவரைச் சரியாகப் பாராமல் அவரைப் பற்றி முடிவு கட்டிவிடுவது எவ்வளவு பெரிய கேடு! இப்பழி நேர்ந்து ஆறு ஆண்டுகள் சென்றபின் அவர் எழுதிய நூலே, உற்றுப் பார்ப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று உலகம் போற்றும் நூலாயிற்று.

அவர் கண்ட ஆறு பேர்

1817-இல் தம் 62-ஆம் வயதில் பார்க்கின்சன் நடுக்குவாதத்தைப் பற்றிய கட்டுரை நூலை வெளியிட்டார். அது 66 பக்கங்களே கொண்டது. அதில் ஆறு நோயாளிகளின் நிலையை விவரித்துள்ளார். அவர்கள் அனைவரும் அவரிடம் மருத்துவத்துக்கு வந்தவர்கள் அல்லர். சிலரைத் தெருவில் போகும்போதுதான் கண்டார். அருகில் சென்று பேச்சுக் கொடுத்து, நோய் எப்போது தொடங்கியது, எந்தக் கையில் தொடங்கியது என்று கேட்டறிந்தார். அவர்களுள் ஒருவர் முன்னாள் மாலுமி. முதலாமவர் ஐம்பது வயது கடந்த தோட்டக்காரர். அவர் மதுவுக்கு அடிமையாகாமல் மிக ஒழுக்கமாக வாழ்ந்தவர் என்று பார்க்கின்சன் கருத்தாகக் குறிப்பிட்டுள்ளார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பார்த்தவர்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ! அந்த வரியைப் படித்தபோது எங்களுள் ஒருவரும் தலை நிமிரவில்லை.

ஐந்தாமவரைப் பார்க்கின்சன் தொலைவிலிருந்து மட்டுமே கண்டார். அந்தப் பெரியவரால் நடக்க இயலாது; ஓடத்தான் இயலும். ஆதலால் துணையாள் ஒருவர் அவர்முன் நின்று இரு தோள்களிலும் கை வைத்துத் தாங்குவார். பெரியவர் முன்னும் பின்னும் மெல்ல அசைந்து உடலைச் சமன் செய்துகொண்டு புறப்படுவார். துணையாள் விலகி முன்னே ஓடி, இருபது காலடித் தொலைவில் அவர் விழாதபடி பிடித்துக்கொள்வார். பேசவும் வாய்ப்பில்லாத ஒருவரைத் தொலைவில் நின்று இவ்வளவு நுணுக்கமாகக் கண்டவரை என்னென்பது!

ஓய்ந்திருக்கும்போது கை நடுங்குதல், உடல் முன்னோக்கி வளைதல், நடை ஓட்டமாதல் ஆகிய வெவ்வேறு அடையாளங்கள் ஒரே நோயின் உறுப்புகள் என்று அவர் இணைத்துக் காட்டினார். நம் நாட்டுப் பழைய மருத்துவ நூல்களிலும் நடுக்கத்தைக் கம்பவாதம் என்று கூறியுள்ளனர். எனினும் நோயின் தொடக்கம் முதல் முடிவு வரை முழு வரலாற்றையும் வரிசைப்படுத்தி எழுதியவர் பார்க்கின்சனே. முதுகுத்தண்டின் மேற்பகுதியில் நோயின் வேர் இருக்கலாம் என்று அவர் கருதியது சரியன்று எனப் பின்னர் தெரிந்தது. தம் கருத்து ஊகமே என்பதை அவரும் ஒப்புக்கொண்டு, பின் வருவோர் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

1824-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் பார்க்கின்சன் இறைவனடி சேர்ந்தார். ஷோர்டிச் புனித லெனார்டு ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவருடைய உருவப்படம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. பிறர் முகத்தை அவ்வளவு உற்றுப் பார்த்தவரின் முகத்தை உலகம் அறியாது! அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், பாரிஸ் நகர மருத்துவ மேதை சார்க்கோ அந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். அவர் பிறந்த ஏப்ரல் 11-ஆம் நாளே இன்று உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மருந்து பிறந்த கதை

அவர் கேட்டுக்கொண்ட ஆராய்ச்சி நிறைவேற நூறாண்டுகளுக்கு மேலாயின. அக்கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு என்பது எங்களுக்குப் பெருமை தந்தது. வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியை நம்மில் பலர் அறிவோம். அதன் காயிலுள்ள சுணை பட்டால் உடலெல்லாம் அரிக்கும். அதன் விதையில் லெவோடோபா என்னும் பொருள் இருப்பதை 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர்கள் பிரித்தெடுத்துக் காட்டினர். அதற்கு முன் 1913-இலேயே ஐரோப்பாவில் ஒருவகை அவரையிலிருந்து அதே பொருள் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதுவே நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பதை அந்நாளில் எவரும் அறியவில்லை.

நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தியிலிருந்து எடுத்த ஒரு மருந்தைக் கொடுத்தால் விலங்குகள் அசைவற்றுப் போவதையும், லெவோடோபா கொடுத்தவுடன் அவை மீண்டும் எழுந்து நடமாடுவதையும் 1950-களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல்சன் கண்டார். 1960-இல் வியன்னா நகரில் ஹார்னிகீவிச் என்பவர், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் என்னும் பொருள் மிகவும் குறைந்திருப்பதை நிறுவினார். மூளையின் அடிப்பகுதியில் கருநிறமாயுள்ள ஒரு சிறு பகுதியின் உயிரணுக்கள் அழிவதால் இக்குறை ஏற்படுகிறது. அசைவுகளைச் சீர்படுத்துவது டோபமினின் வேலை. முகத்தின் தசைகளும் இறுகிவிடுவதால் மகிழ்ச்சி உள்ளே இருந்தும் சிரிப்பாக வெளிப்படுவதில்லை. தோழியின் தாத்தா எங்கள் வணக்கத்துக்குச் சிரிக்காததன் காரணம் இதுவே. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் காட்சியாஸ் என்னும் மருத்துவர் லெவோடோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களையும் நடக்க வைத்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூனைக்காலி விதையை மருந்தென்று எண்ணித் தாமாக எவரும் உண்ணலாகாது. ஒவ்வொரு விதையிலும் மருந்தின் அளவு வேறுபடும். அளவு மீறினால் தீங்கு நேரும்.

சொட்டுச் சொட்டாய் மருந்து

மருந்து கண்டாயிற்று, துன்பம் தீர்ந்தது என்று சொல்ல இயலவில்லை. தோழியின் இல்லத்தில் ஒரு கடிகாரத்தின் அருகே தாத்தாவின் மாத்திரைகள் இருக்கும். மாத்திரை வேலை செய்யும்போது அவர் தாமே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அதன் வேகம் குறைந்ததும் சோற்றுக் கவளத்தைக்கூட வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் இறுகிப் போவார். லெவோடோபா இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை என்பதே இதற்குக் காரணம். ஒன்றரை மணி நேரத்திற்குள் அதன் அளவு பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில், எஞ்சிய உயிரணுக்கள் மருந்தைச் சேமித்து வைத்துச் சமாளிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சேமிப்பு குறையும். மருந்து ஏறினால் உடல் வேண்டாத ஆட்டம் ஆடும். இறங்கினால் மரம் போலாகும்.

இதை நம் ஊர்த் தோட்டத்தைக் கொண்டே விளக்கலாம். பம்புசெட்டைப் போட்டு வாய்க்காலில் பாய்ச்சினால் ஒரு நேரம் பாத்தி நிரம்பி வழியும்; மறு நேரம் காய்ந்து வெடிக்கும். சொட்டுநீர்ப் பாசனத்திலோ வேருக்கு எந்நேரமும் ஈரம் உண்டு. மருந்தையும் அவ்வாறே சொட்டுச் சொட்டாகக் கொடுக்க முடியுமா என்று அறிஞர்கள் சிந்தித்தனர்.

அதன் பயனாகப் பல வழிகள் தோன்றின. கூழாக்கிய லெவோடோபாவைச் சிறு குழாய் வழியாக நேரே குடலுக்குள் செலுத்தும் கருவி ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியால் உருவாயிற்று. தோலின் கீழ் இரவும் பகலும் மருந்து செலுத்தும் சிறு பம்பு ஒன்றுக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-இல் இசைவு தந்தது. தோலின்மேல் ஒட்டினால் ஒரு நாள் முழுதும் மருந்து கசியும் ஒட்டுப் பட்டையும் உண்டு. மூளையினுள் மின்முனை பதித்து நடுக்கத்தை அடக்கும் அறுவை மருத்துவம் நம் நாட்டிலும் நடைபெறுகிறது.

இவற்றினும் வியப்பானது, தீக்குச்சி அளவுள்ள குச்சியில் மருந்தைக் கலந்து கையின் தோலுக்கடியில் பதிக்கும் முறை. பிளாஸ்டிக் போன்ற அக்குச்சியின் நுண்ணிய துளைகள் வழியே மருந்து மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைந்து உடலில் சேரும். லெவோடோபா நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தேவைப்படுவதால் அதைச் சிறு குச்சியில் அடக்க முடியாது. ஆதலால், சிறிதளவே போதுமான, டோபமினைப் போலச் செயல்படும் வேறு மருந்தைக் கலந்து முதலில் குரங்குகளிடமும் பின்னர் மனிதரிடமும் சோதனை செய்தனர். அது இன்னும் மருத்துவமனைகளில் எல்லார்க்கும் கிடைக்கும் மருந்தாக ஆகவில்லை. அழிந்த உயிரணுக்களை மீட்கும் மருந்தும் இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் தாத்தாவின் கடிகாரத்துக்கு ஓய்வு கிடைக்கும் நாள் வரும் என்று நம்புகின்றோம்.

முடிவுரை

1986-இல் நம் சென்னைக்கு வருகை தந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களும் இறுதி ஆண்டுகளில் இந்நோயால் துன்புற்றார்கள். நடுங்கும் கையையும் தளர்ந்த குரலையும் மறைக்காமல், 2005-இல் மறையும் வரை மக்கள் முன் வந்து நின்றார்கள். அவரைப் புனிதர் என்று வணங்கும் நாங்கள், அதே நோயுற்ற ஒரு முதியவரைப் பள்ளி வாயிலில் கண்டு நகைத்தோமே என்று வெட்கப்பட்டோம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில் நாங்கள் நால்வர் தோழியின் இல்லத்திற்குச் சென்று அப்பாருவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் முகம் அசையவில்லை. ஆனால் உள்ளே கைகாட்டி, வெல்லமும் நிலக்கடலையும் எடுத்துவரச் சொன்னார். பாகு பதம் பார்க்கும் விதத்தை மெல்லிய குரலில் எங்களுக்கு விளக்கினார். மறு திங்கட்கிழமை மாலையில் மீண்டும் பள்ளி வாயிலுக்கு வந்தார். வாயிற்படியருகே அவர் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. தோழி ஓடிச்சென்று அவர்முன் நின்று இரு தோள்களையும் தாங்கிக்கொண்டாள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பார்க்கின்சன் கண்ட காட்சியை நாங்கள் நெய்க்காரப்பட்டியில் கண்டோம்.

பார்க்கின்சனிடம் அந்நோய்க்கு மருந்து இல்லை. நின்று பார்க்கும் கண்ணும், அருகில் சென்று கேட்கும் மனமும் இருந்தன. அவற்றிலிருந்தே பின்வந்த மருந்தெல்லாம் பிறந்தது. மருந்து காணும் அறிவை எங்களுள் சிலருக்கு இறைவன் ஒருநாள் அருளக்கூடும். நின்று பார்க்கும் கண்ணை எல்லாருக்குமே தந்துவிட்டார். அதை இன்றே பயன்படுத்துவோம்.